சுண்ணாம்பைக் குறை சொல்லாதீர்கள்

போன வாரம் திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீடு. இந்த வருடத்தில் இதே கதையோடு எனக்கு வந்த ஐந்தாவது அழைப்பு. மூன்று வருடத்துக்கு முன் கூடத்துச் சுவரில் நாலடி உயரத்துக்குப் பழைய சுண்ணாம்புக் காரையைச் சுரண்டிவிட்டு சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். இப்போது ஈரம் ஏழடிக்கு ஏறிவிட்டது. சாமி படத்தைக் கழற்றினால் பின்னால் பூஞ்சை. பூச்சு விட்டிருந்த இடத்தில் செங்கல்லைக் கட்டைவிரலால் அழுத்தினேன். திருநீறு மாதிரி உதிர்ந்தது.

வீட்டுக்காரர் அசரவில்லை. ஹம்பி போய்வந்த போட்டோவைக் காட்டி, "இதெல்லாம் கல்லு சார், அதான் நிக்குது. நம்மளது வெறும் சுண்ணாம்பு" என்றார்.

அவர் காட்டியது 'ராணி குளியல்' என்கிற கட்டடத்தை! தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். ஐயா, அது பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்பும். விஜயநகரத்து வேலை. வெளியிலிருந்து பார்த்தால் மொட்டையான சதுரக் கட்டடம், சுற்றிலும் அகழி. உள்ளே போனால் நடுவில் 15 மீட்டர் சதுரக் குளம், 1.8 மீட்டர் ஆழம், மேலே திறந்த வானம். நாலு பக்கமும் வளைவு வளைவாகத் தாழ்வாரம். அதிலிருந்து குளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஜன்னல் மாடங்கள். கழுத்து வலித்தாலும் அண்ணாந்து பாருங்கள்: தாழ்வாரக் கூரையில் 24 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு சுதை வேலை, அதாவது சுண்ணாம்புக் காரையில் செய்த அலங்காரம். 1565-ல் விஜயநகரம் தோற்ற தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு ஊரே சூறையாடப்பட்டது. சுதை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குளிக்கிற இடத்தில் தாங்கிய சுண்ணாம்பு உங்கள் கூடத்தில் தாங்காதா?

ஹம்பி தூரம் என்றால் சேப்பாக்கத்துக்குப் போங்கள். 2012-ல் தீப்பிடித்த கலச மகாலையும், அதாவது ஆற்காட்டு நவாபின் பழைய அரண்மனைக் கட்டடத்தையும், சுண்ணாம்புக் காரை கொண்டுதான் மீட்டார்கள்.

பலம் என்பது இறுக்கம் இல்லை. பழைய செங்கல் மெத்தென்று இருக்கும், ஈரத்தைக் குடிக்கும், சுண்ணாம்பு வழியாக வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் எங்கே போகும்? மேலே ஏறும், உப்பு பூக்கும், செங்கல்லைத் தின்னும்.

சரி, என்ன செய்வது? முதலில் மாடித் தண்ணீர்க் குழாயைப் பாருங்கள், பல வீடுகளில் வில்லன் அதுதான். சுவரைத் தட்டி, பொள்ளலாகச் சத்தம் வருகிற இடத்தை மட்டும் எடுத்துவிட்டு சுண்ணாம்புக் காரையே பூசுங்கள். "பிடிமானத்துக்கு ஒரு சட்டி சிமெண்ட் கலந்துக்கலாம்" என்பார் கொத்தனார். சம்மதிக்காதீர்கள். பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டவே வேண்டாம், சுண்ணாம்பு அடித்தால் போதும். ஐப்பசி மழையில் வேலையை ஆரம்பிக்காதீர்கள். தயவுசெய்து, சுரண்டுவதற்கு முன்னால் தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

திருவல்லிக்கேணியில் இப்போது சிமெண்டைத் தட்டித் தட்டி எடுத்துக்கொண்டிருக்கிறோம். பாதி இடத்தில் செங்கல்லும் சேர்ந்தே வருகிறது.