நாத்தம் நின்னுடுச்சுன்னு நிம்மதியாகாதீங்க

பழைய காகிதக் கூழ் மில்லைச் சுத்தி இருக்கிற இடம் நிறைய பேரை இழுக்கும். துருப்பிடிச்ச பைப், பெரிய பெரிய குட்டை, மலை மாதிரி மரச்சில்லு குவியல், போட்டோ எடுக்கிறவங்க விடவே மாட்டாங்க. ஆர்வம் புரியுது, ஆனா மில் இன்னும் ஓடுதுன்னா வேலிக்கு அந்தப் பக்கம் போகாதீங்கன்னு சேஃப்டி வேலை பாக்குறவனா நான் கெஞ்சியே கேக்குறேன்.

மரத்தைக் கூழாக்குற கிராஃப்ட் முறையில மரச்சில்லை காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்ஃபைடும் கலந்த திரவத்துல சுமார் 170 டிகிரி செல்சியஸ்ல வேக வைப்பாங்க, அதுல கிளம்புற கந்தக வாயுங்கதான் இந்த மில்லுங்க பக்கம் அடிக்கிற அழுகின முட்டை நாத்தம். அதுல முக்கியமானது ஹைட்ரஜன் சல்ஃபைடு. 1 பிபிஎம்முக்கு, அதாவது காத்துல பத்து லட்சத்துல ஒரு பங்குக்கு, கீழ இருந்தாலே மூக்கு கண்டுபிடிச்சிடும், அதனால ஊருக்குள்ள வர்ற நாத்தத்துக்கு பயந்து ஓட வேண்டாம். ஆனா 100 பிபிஎம் பக்கம் போனா கொஞ்ச நேரத்துல மூக்கு மரத்துடும், வாயு அங்கேயேதான் இருக்கும், நமக்கு நாத்தம் மட்டும் தெரியாது, 'சரி போயிடுச்சு'ன்னு இன்னும் உள்ள போவோம். 500 தாண்டினா சட்டுனு நினைவு தப்பும். காத்தை விட கனம்ங்கிறதால பள்ளம், கால்வாய், மேன்ஹோல்னு தாழ்வான இடத்துல போய் தேங்கும்.

2002 ஜனவரியில அமெரிக்காவுல அலபாமா மாநிலம் பென்னிங்டன்ல ஒரு மில்லோட கழிவுநீர் லைன்ல சல்ஃபைடு கெமிக்கலும் ஆசிடும் கலந்து இந்த வாயு உருவாகி மேன்ஹோல் வழியா வெளிய வந்துச்சு. பக்கத்துல இருந்த ஒப்பந்த வேலையாளுங்க 2 பேர் செத்துட்டாங்க, 8 பேருக்கு பாதிப்பு. திறந்த வெளியிலேயே இப்படின்னா குழிக்குள்ள எட்டிப் பாக்குறத என்ன சொல்றது.

சில்லு குவியல் மேலயும் ஏறாதீங்க, அடியில கன்வேயர் இழுக்க இழுக்க உள்ள பொந்து விழும், மேல பாத்தா ஒண்ணுமே தெரியாது. காத்து அடிச்சு கலக்குற கழிவுநீர் குட்டையும் அப்படித்தான், குமிழி நிறைஞ்ச தண்ணி உடம்பை தாங்காது, நல்லா நீந்துறவங்களும் முழுகுவாங்க. நுரை கரையையே மூடியிருக்கும்.

கூட வந்தவங்க பள்ளத்துல விழுந்துட்டா பதறிப்போய் பின்னாடியே குதிச்சிடாதீங்க, இந்த மாதிரி விபத்துல காப்பாத்தப் போனவங்களும் சாகுறது திரும்பத் திரும்ப நடக்குது. காத்து அடிக்கிற திசைக்கு எதிரா, மேடான இடத்துக்கு போயிட்டு அப்புறம் போன் எடுங்க, மில் கேட்டுக்கும் தீயணைப்புக்கும் எந்த இடம்னு தெளிவா சொல்லுங்க, முதுகுல காத்து சிலிண்டர் மாட்டினவங்க மட்டும் இறங்கட்டும்.