மின்சந்தை விலை ஏறி இறங்கினால் வீட்டு ஈ.பி. பில்லில் என்ன மாறும்?

கோடைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை மதியம் மொத்தச் சந்தையில் ஒரு யூனிட் மின்சாரம் இரண்டு ரூபாய்க்கும் கீழே விலைபோகும் நாட்கள் உண்டு. அதே வாரத்தில் ஒரு இரவு 8 மணிக்கு அந்த யூனிட் 10 ரூபாயைத் தொடும். தமிழ்நாட்டு வீடுகளில் இந்த இரண்டு நேரத்திலும் மீட்டர் ஒரே மாதிரிதான் ஓடுகிறது, கட்டணமும் ஒன்றுதான். அந்த ஏற்ற இறக்கம் எங்கே போய்ச் சேர்கிறது, பில்லை உண்மையில் எது ஏற்றுகிறது என்பதைப் பார்ப்போம்.

சந்தை எப்படி நடக்கிறது

2008 முதல் இயங்கும் இந்தியன் எனர்ஜி எக்ஸ்சேஞ்ச்தான் நாட்டின் பெரிய மின்சந்தை. நாளைய மின்சாரத்துக்கு இன்று காலையே ஏலம் கேட்க வேண்டும். ஒரு நாளை 15 நிமிடம் கொண்ட 96 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனி விலை தீர்மானமாகிறது. 2020 ஜூன் 1 முதல் அரை மணிக்கு ஒருமுறை ஏலம் நடக்கும் உடனடிச் சந்தையும் இருக்கிறது. காற்று திடீரென நின்றாலோ ஒரு அனல்மின் நிலையம் பழுதானாலோ மின்வாரியம் அங்கே ஓடும்.

2021 அக்டோபர் நிலக்கரித் தட்டுப்பாட்டிலும், 2022 மார்ச் வெயிலிலும் சந்தை விலை அப்போதைய உச்சவரம்பான 20 ரூபாயைத் தொட்டது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஏப்ரலில் அந்த வரம்பை 12 ரூபாயாகவும், 2023 ஏப்ரலில் 10 ரூபாயாகவும் குறைத்தது. ஆனால் வரம்பு இருப்பதால் மின்சாரம் கிடைத்துவிடும் என்று பொருளில்லை. மாலையில் எல்லா மாநிலங்களும் 10 ரூபாய்க்குக் கேட்டு நிற்கும்போது, கேட்டதில் ஒரு பகுதிதான் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும்.

மதியம் விலை விழுவதற்குக் காரணம் சூரிய மின்சாரம். மாலை ஆறரைக்கு மேல் அது முழுதாக நின்றுவிடுகிறது, வீடுகளில் விளக்கும் ஏசியும் அப்போதுதான் ஏறுகின்றன. அனல்மின் நிலையத்தை மதியம் முழுவதுமாக அணைத்துவிட்டு மாலையில் பற்றவைக்க முடியாது. பொதுவாக அதன் திறனில் 55 சதவீதத்துக்குக் கீழே இறக்காமல்தான் ஓட்டுகிறார்கள். அதனால் மதியம் மிச்சம், மாலையில் பற்றாக்குறை.

தமிழ்நாட்டுக்கு இதோடு காற்றும் சேர்கிறது. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் கணவாய்களில் காற்றாலைகள் சுழலும். அப்போது மிகும் மின்சாரத்தை வட மாநிலங்களுக்குக் கொடுத்து, கோடையில் திருப்பி வாங்கும் மாற்று ஏற்பாடும் உண்டு. 2024-இல் மாநிலத்தின் உச்சத் தேவையான 20,830 மெகாவாட் பதிவானது மே 2 அன்று. காற்று முழு வேகம் பிடிப்பதற்கு முந்தைய நாட்கள் அவை.

அந்த விலை ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை

முதல் காரணம், நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்தச் சந்தைகளில் கைமாறுவதில்லை. மிகுதி எல்லாம் நீண்டகால ஒப்பந்தங்கள். அந்த ஒப்பந்தங்களில் இரண்டு கட்டணம் இருக்கும். நிலையம் தயாராக இருப்பதற்கு ஒரு நிலைக்கட்டணம், எரித்த நிலக்கரிக்கு ஒரு எரிபொருள் கட்டணம். மதியம் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதென்று ஒப்பந்த நிலையத்தின் உற்பத்தியைக் குறைக்கச் சொன்னால் எரிபொருள் செலவுதான் மிச்சம், நிலைக்கட்டணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். “சந்தையில் 2 ரூபாய், எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு?” என்ற கேள்விக்கான பதிலில் பாதி இங்கே இருக்கிறது. சந்தை விலையின் மேல் மின்தடச் செலவும் வழியில் ஏற்படும் இழப்பும் தனியாக ஏறும்.

இரண்டாவது காரணம், வீட்டு மின்கட்டண விகிதத்தைத் தீர்மானிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 2022 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த ஆணைப்படி, ஒவ்வொரு ஜூலை 1 அன்றும் கட்டணம் ஏறலாம். ஏற்றத்தின் அளவு நுகர்வோர் விலைக் குறியீட்டின் உயர்வு அல்லது 6 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. 2023-இல் 2.18, 2024-இல் 4.83, 2025-இல் 3.16 சதவீதம் என்று வந்தது இப்படித்தான். இது பலருக்குத் தெரியாது: நம் விகிதம் கட்டப்பட்டிருப்பது காய்கறி, வாடகை, துணி எல்லாம் சேர்ந்த சில்லறைப் பணவீக்கத்தோடு. மின்சந்தை விலையோடு அதற்கு நேரடி முடிச்சு இல்லை. ஆகவே சந்தை சரிந்தாலும் பில் இறங்காது.

மூன்றாவது, மானியம். மின்சாரச் சட்டம் 2003-இன் 65-ஆம் பிரிவுப்படி, ஒரு மாநில அரசு சலுகை விலையில் மின்சாரம் கொடுக்க விரும்பினால் அந்தத் தொகையை வாரியத்துக்கு முன்கூட்டியே செலுத்த வேண்டும். 2016 மே 23 அறிவிப்பில் வந்த முதல் 100 யூனிட் இலவசமும், 2023, 2025 ஜூலை உயர்வுகள் வீடுகள்மேல் விழாமல் அரசு ஏற்றுக்கொண்டதும் இந்த வழியில்தான்.

பிற மாநிலங்களில் வேறு மாதிரி

2022 டிசம்பர் 29 அன்று மத்திய அரசு கொண்டுவந்த மின்சாரத் திருத்த விதிகள், எரிபொருள் மற்றும் கொள்முதல் விலையில் ஏற்படும் மாற்றத்தை மாதந்தோறும் சூத்திரப்படி பில்லில் ஏற்ற வழிசெய்கின்றன. கேரளத்தில் இது எரிபொருள் சர்சார்ஜ் என்று பைசாக் கணக்கில் யூனிட்டுக்கு வருகிறது. டெல்லியில் கொள்முதல் சரிக்கட்டுக் கட்டணம் என்று மொத்தத்தின் மேல் ஒரு சதவீதமாக வருகிறது. அங்கே குடியிருக்கும் தமிழர்கள் பில்லில் இந்த வரியைத் தேடிப் பார்க்கலாம். அடிப்படை விகிதம் மாறாமலேயே தொகை மாறினால் காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும்.

தமிழ்நாட்டில் பில்லை ஏற்றுவது எது: 500-ஆவது யூனிட்

2024 ஜூலை 1 முதல் வீடுகள் செலுத்திவரும் விகிதம் இது. கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை.

மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால்: முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30.

500-ஐத் தாண்டினால்: முதல் 100 இலவசம், 101 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30, 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, 801 முதல் 1000 வரை 10.50, அதற்கு மேல் 11.55.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 500 யூனிட்டுக்கு 235 + 940 + 630, ஆக 1,805 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,410 + 630 + 8.40, ஆக 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு. 500-ஐத் தாண்டியதும் 101–200 அடுக்கின் மானியம் பின்னோக்கிப் பறிபோவதுதான் காரணம். மின்சந்தையில் எந்தக் கொடிய மாலையிலும் ஒரு யூனிட் இந்த விலைக்கு விற்றதில்லை. வீட்டுக்காரர் கண்வைக்க வேண்டிய இடம் சந்தையல்ல, இந்தக் கோடு.

60 நாளுக்கு 500 என்றால் ஒரு நாளைக்கு 8.3 யூனிட். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி ஓடும்போது மணிக்கு ஏறக்குறைய 1 யூனிட் இழுக்கும் என்று வையுங்கள். இரவில் 8 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 480. ஃபிரிட்ஜ் நாளுக்கு ஒன்று வீதம் 60. தினம் 12 மணி நேரம் ஓடும் 75 வாட் சீலிங் ஃபேன் ஒவ்வொன்றுக்கும் 54. ஆக, ஒரு ஏசி வைத்த வீடு மே, ஜூனில் கோட்டைத் தாண்டுவது சாதாரணம். ஏசியை இரண்டு மணி நேரம் குறைத்தால் 120 யூனிட் போகும். பழைய ஃபேனுக்குப் பதில் 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் போட்டால் ஒன்றுக்கு 32 யூனிட் குறையும்.

ரீடிங் தள்ளிப்போனால் பணம் போகும்

அடுக்கு முறையில் தேதியும் பணம்தான். தினம் 8 யூனிட் செலவாகும் வீட்டில் சரியாக 60 நாளில் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், 1,679 ரூபாய். இரண்டு முறைக்கு 3,358. கணக்கீட்டாளர் 70-ஆம் நாள் வந்தால் 560 யூனிட், 2,544 ரூபாய். அடுத்தது 50 நாளில் 400 யூனிட், 1,175 ரூபாய். சேர்த்தால் 3,719. ஒரு யூனிட்கூட அதிகம் செலவழிக்காமல் 361 ரூபாய் நட்டம்.

இதைத் தடுக்க எளிய வழி, வெள்ளை அட்டையில் இருக்கும் கடைசி ரீடிங் தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்து, 58-ஆம் நாள் மீட்டரைத் தேதியோடு போட்டோ எடுத்துவிடுவது. காட்டும் எண் கிலோவாட்-மணிதானா என்று பாருங்கள். மின்னணு மீட்டரில் தேதி, வோல்டேஜ் என்று திரை மாறிமாறி ஓடும். ஆள் வரவில்லை என்றால் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் தெரிவித்து, மனுவின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வீடு பூட்டியிருந்து முந்தைய அளவை வைத்து பில் போட்டிருந்தால், அடுத்த ரீடிங்கில் நான்கு மாத யூனிட்டும் ஒரே இரண்டு மாதக் கணக்கில் கொட்டப்படவில்லை என்பதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

தொகையே சந்தேகமாக இருந்தால் முதலில் வீட்டில் சோதியுங்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைப் பாருங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்பது மீட்டரின் முகப்பில் அச்சிட்டிருக்கும். 3200 என்று போட்ட மீட்டர்கள் நிறைய உண்டு. அந்த மீட்டரில் நிமிடத்துக்கு ஒரு துடிப்பு என்றால் 19 வாட். நிமிடத்துக்கு இரண்டு துடித்துக்கொண்டே இருந்தால் இரண்டு மாதத்தில் 54 யூனிட் வீண். பத்து துடித்தால் 270 யூனிட். வயரிங்கில் கசிவோ, தண்ணீர் மோட்டார் கேபிளில் கோளாறோ, வேறொருவர் உங்கள் லைனில் இருக்கிறாரோ என்று எலக்ட்ரீஷியனை வைத்துத் தேட வேண்டும். மெயினை அணைத்தபின்னும் துடித்தால், மெயினுக்கு முன்னால் வேறு எங்காவது மின்சாரம் பிரிகிறதா என்று பார்த்துவிட்டு, மீட்டர் பரிசோதனைக்கு மனு கொடுங்கள்.

புகாருக்கு முதல் படி மின்னகம், எண் 94987 94987, நாள் முழுவதும் இயங்குகிறது. புகார் எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பலன் இல்லையென்றால் அந்தந்த மின் பகிர்மான வட்டத்தில் உள்ள நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும் மேல் மின்குறை தீர்ப்பாளர். அட்டை நகல், போட்டோக்கள், மேலே செய்தது போன்ற கணக்கு இவை மூன்றும் இருந்தால் மனு வலுவாக இருக்கும்.

நேரத்துக்கு ஒரு விலை வந்தால்

சந்தையின் ஏற்ற இறக்கம் வீட்டுக்குள் வரக்கூடிய வாசல் ஒன்று இருக்கிறது. 2023 ஜூன் 14 அன்று மத்திய அரசு நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. பகலில் சூரிய மின்சாரம் கிடைக்கும் 8 மணி நேரத்துக்கு விலை வழக்கமானதைவிடக் குறைந்தது 20 சதவீதம் கீழே, உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் மேலே என்பது அதன் சாரம். விவசாயம் தவிர மற்ற இணைப்புகளுக்கு 2025 ஏப்ரல் 1-க்குள் என்று காலக்கெடு வைத்தார்கள். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால்தான் இது நடக்கும். பழைய மீட்டருக்கு மணி தெரியாது. உயரழுத்த இணைப்பு வாங்கும் தமிழ்நாட்டு ஆலைகள் உச்ச நேரத்துக்குக் கூடுதலாகப் பல ஆண்டுகளாகவே கொடுத்துவருகின்றன. வீட்டு விகிதமோ 2025 ஜூலை ஆணையிலும் அடுக்கு முறையிலேயே இருக்கிறது.

அது வந்தால் பகலுக்குத் தள்ள முடிந்த வேலைகள்: தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர், மின்சார ஸ்கூட்டர் சார்ஜ். ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறக்குறைய 1 யூனிட் எடுக்கும். இரவு ஏசியைத் தள்ள முடியாது. பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விடும் வீடுகளுக்கு இந்த முறை சாதகமாக அமைவது கடினம். விகிதம் வகுக்கும்போது ஆணையம் நடத்தும் பொதுக் கருத்துக்கேட்பில் இதை எழுத்தில் பதிவுசெய்யும் உரிமை ஒவ்வொரு நுகர்வோருக்கும் இருக்கிறது.

கூரை சூரியத் தகடு அந்த 500 யூனிட் கோட்டுக்கு நேரடியான பதிலாகும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3 அல்லது அதற்கு மேல் 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் நாளுக்கு 4 யூனிட் தரும் என்று கொண்டால் 2 கிலோவாட் இரண்டு மாதத்தில் 480 யூனிட். 700 யூனிட் செலவாகும் வீடு 220-க்கு இறங்கிவிடும். 300, 400 யூனிட்டிலேயே இருக்கும் வீட்டுக்கு, மானியம் போக மிஞ்சும் முதலீடு திரும்பிவர நெடுநாள் ஆகும். மலிவான அடுக்கில் உள்ள யூனிட்டைத்தான் தகடு மிச்சப்படுத்துகிறது என்பதால். கையெழுத்துப் போடுமுன் கடந்த ஆறு பில்களை எடுத்து வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.