சாணத்தை எரித்துக் குவித்த மேடுகள்

கர்நாடகத்தில் பெல்லாரியிலிருந்து ஹொசபேட்டை போகும் வழியில் குடத்தினி என்ற ஊர் இருக்கிறது. அதன் அருகே வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரு மேடு. அதில் கிடக்கும் கட்டி ஒன்றைக் கையில் எடுத்தால் கனமே தெரியாது. மேல்புறம் நுரைத்து இறுகியிருக்கும். உடைத்தால் உள்ளே குமிழ் குமிழாக ஓட்டைகள், ஓரங்களில் கண்ணாடிப் பளபளப்பு. பெல்லாரி, ராய்ச்சூர், கலபுரகி, கர்நூல், மகபூப்நகர் வட்டாரங்களில் இத்தகைய சாம்பல் மேடுகள் நூற்றுக்கும் மேல் உள்ளன.

பீமன் கொன்ற இடும்பன் எரிந்த சாம்பல் இது என்பது ஊர்க்கதை. 1843-இல் நியூபோல்டு என்ற ஆங்கிலேய அதிகாரி இவற்றைப் பற்றி எழுதியபின் படித்தவர்களும் தம் பங்குக்கு ஊகிக்கத் தொடங்கினார்கள். எரிமலைக் கசடு என்றார்கள், சூளைக் கழிவு என்றார்கள், இரும்பு உருக்கிய கசடு என்றார்கள். பிணங்களை மொத்தமாக எரித்த இடம் என்றுகூடச் சொன்னார்கள். பல்லாவரத்தில் 1863-இல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட்தான் சரியான திசையைக் காட்டினார். மேடுகளைச் சுற்றி வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகள் கிடப்பதைக் கவனித்த அவர், புதிய கற்கால மக்கள் மாட்டுச் சாணத்தை எரித்ததால் உண்டானவை இவை என்றார். அதன் பிறகும் பல பத்தாண்டுகள் இரும்புக் கசடுக் கதை ஓயவில்லை. 1960-இல் சாய்னர் என்ற அறிஞர் சாம்பலைச் சோதித்து, அது சாணமே என்று நிறுவினார்.

சாணம் எப்படிக் கண்ணாடியாகும்? புல் வளரும்போது மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தன் செல்களில் நுண்ணிய மணிகளாகச் சேர்த்துவைக்கிறது. மாட்டின் வயிற்றால் இவற்றைச் செரிக்க முடியாது. அப்படியே சாணத்தோடு வெளியே வந்துவிடும். தூய சிலிக்கா உருக 1,700 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆனால் சாணச் சாம்பலில் பொட்டாசியம் போன்ற காரப் பொருள்களும் இருக்கின்றன. அவை சிலிக்காவின் உருகுநிலையைப் பல நூறு டிகிரி இறக்கிவிடுகின்றன. பெரிய குவியலாகக் கிடக்கும் சாணத்தில் தீப்பிடித்தால் வெப்பம் உள்ளேயே தங்கும். காற்று நன்றாகப் புகும் இடங்களில் அது இன்னும் ஏறி, சாம்பல் உருகிக் கொதித்து, ஆறியதும் நுரைக்கட்டியாக இறுகிவிடுகிறது. வெப்பம் குறைந்த இடங்களில் மெல்லிய வெண்சாம்பல் மட்டுமே மிஞ்சும். மேட்டை வெட்டிப் பார்த்தால் எரியாத சாணம், தூள் சாம்பல், உருகிய கட்டி என்று அடுக்கடுக்காகத் தெரிவது இதனால்தான். ஒரே நாளில் எரிந்த குவியல் அல்ல இது. சாணம் சேர்வதும் தீ வைப்பதும் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன.

இப்போது ஆய்வாளர்கள் இன்னும் நுட்பமான சான்றையும் தேடுகிறார்கள். மாடு, ஆடு போன்றவற்றின் குடலில் கால்சியம் கார்பனேட் நுண்ணுருண்டைகள் உருவாகின்றன. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். முனைவாக்கிய ஒளியில், அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியில், நுண்ணோக்கி வழியாகப் பார்த்தால் ஒவ்வொன்றின் நடுவிலும் கருநிறச் சிலுவைக் குறி தெரியும். மண்ணில் இவை மிகுதியாக இருந்தால் அங்கே சாணம் கிடந்தது என்று நம்பலாம். அமில மண்ணில் கரைந்துவிடும். சாம்பலின் காரத்தன்மை இவற்றைக் காப்பாற்றும். வெப்பம் மிகுந்தால் சிதைந்துபோவதால், எந்த அடுக்கில் இருக்கின்றன, எதில் இல்லை என்பதே அங்கே எரிந்த தீயின் கடுமையைச் சொல்லிவிடும்.

காலத்தைக் கணிக்க ரேடியோ கார்பன் முறை இருக்கிறது. இதில் விதைதான் நம்பகமான சாட்சி. கரித்துண்டு நூறு வயதான மரத்தின் நடுத்தண்டிலிருந்து வந்திருக்கலாம். அது எரிந்த காலத்தைவிட முந்திய தேதியைக் காட்டிவிடும். கொள்ளு விதை ஓராண்டுப் பயிர். அந்த ஏமாற்றம் அதில் இல்லை. இத்தகைய கணிப்புகளின்படி தென்னிந்தியப் புதிய கற்காலம் ஏறத்தாழ கி.மு. 3000 முதல் கி.மு. 1200 வரை நீள்கிறது. மேடுகள் இந்தக் காலத்தவை.

இந்த மேடுகளில் மக்களும் மாடுகளும் எப்படி இருந்தார்கள் என்பதை உட்னூர் அகழாய்வு காட்டியது. மகபூப்நகர் பகுதியில் இருக்கும் அந்த மேட்டை 1957-இல் தொல்லியலாளர் ரேமண்ட் ஆல்ச்சின் தோண்டினார். மரக்கம்பங்களை நட்டு அடைத்த பட்டியின் தடங்கள் கிடைத்தன. வேலி எரிந்ததும் அதே இடத்தில் மறுபடி வேலி போட்டிருந்தார்கள். சாணத் தரையில் மாடுகளின் குளம்படிகளும் பதிந்திருந்தன. நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு மாடு கால் ஊன்றி நின்ற இடம் இதுதான் என்று விரல் வைத்துக் காட்ட முடிகிற இந்தச் சான்றுக்கு ஈடாக, இந்தத் துறையில் வேறொன்றை என்னால் சொல்ல முடியாது.

வெறும் பட்டி மட்டும்தானா? 1990-களில் கர்நாடகத்தின் புதிஹாலில் தொல்லியலாளர் பதய்யா நடத்திய அகழாய்வு அந்தக் கேள்விக்கு விடை தந்தது. மேட்டை ஒட்டியே குடியிருப்பு, கற்கருவி செய்த இடம், விலங்குகளை அறுத்த தளம், குழந்தைகளைப் புதைத்த தாழிகள் எல்லாம் இருந்தன. பெல்லாரிக்கு அருகே சங்கனகல்லு, குப்கல் பகுதிகளில் கிடைத்த கரிந்த விதைகள் குலசாமை என்ற சிறுதானியம், கொள்ளு, பாசிப்பயறு ஆகியவற்றை அவர்கள் பயிரிட்டதைக் காட்டுகின்றன. குப்கல் பாறைகளில் நீண்ட கொம்பும் திமிலும் உள்ள மாடுகளை அவர்களே கொத்தி வைத்திருக்கிறார்கள்.

ஏன் எரித்தார்கள் என்பதில்தான் இன்னும் வாதம் நடக்கிறது. ஈயும் உண்ணியும் நோயும் தொலையட்டும் என்று எரித்திருக்கலாம். ஆனால் பயிர் செய்யத் தெரிந்தவர்கள் அவர்கள். எருவின் அருமையை அறியாமலா இருந்திருப்பார்கள்? வயலில் கிடை போட்டிருக்கலாம். அத்தனை சாணத்தையும் ஒரே இடத்தில் குவித்துத் தீயிட வேண்டிய தேவை இல்லை. ஆண்டின் குறிப்பிட்ட நாளில் ஊர் கூடி வைத்த தீ என்ற ஆல்ச்சினின் கருத்தே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. மைசூர், மண்டியா பக்கத்தில் இன்றும் சங்கராந்தி மாலையில் மாடுகளைத் தீயைத் தாண்ட வைக்கிறார்கள். இது அந்தப் பழைய வழக்கத்தின் நேர்த் தொடர்ச்சி என்று சொல்லச் சான்று இல்லை. மாட்டையும் தீயையும் ஒரு விழாவில் சேர்ப்பது இந்த நிலத்துக்குப் புதிதல்ல என்ற அளவுக்குச் சொல்லலாம். தமிழ்நாட்டின் பையம்பள்ளியிலும் புதிய கற்கால மக்கள் வாழ்ந்தார்கள், கொள்ளும் பாசிப்பயறும் விளைவித்தார்கள். ஆனால் அங்கே சாம்பல் மேடு இல்லை. ஒரே வகை வாழ்க்கை இருந்தும் இந்தத் தீ மட்டும் ஏன் வடக்கே நின்றுவிட்டது என்பது நல்ல ஆய்வுக் கேள்வி.

விடை தேடக் கிடைக்கும் காலம் குறைந்துவருகிறது. சாம்பல் வயலுக்கு நல்ல உரம் என்று மேடுகளை வெட்டி வண்டியில் ஏற்றிச் செல்கிறார்கள். பாசனம் பரவிய இடங்களில் மேடுகளைச் சமன்படுத்தி வயலாக்கிவிட்டார்கள். குப்கல் மலையில் கல்குவாரி பாறைகளைத் தின்றிருக்கிறது. பிழைப்புக்காகச் சாம்பல் அள்ளும் உழவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எஞ்சிய ஒவ்வொரு மேட்டிலும் உச்சியிலிருந்து அடித்தரை வரை ஒரு கை அகலத்துக்கு அடுக்கு மாறாமல் மண் மாதிரி எடுத்துப் பாதுகாப்பது, முழு அகழாய்வோடு ஒப்பிட்டால் சிறிய வேலை. அந்த மாதிரி இருந்தால், மேடே போனாலும் நுண்ணுருண்டையையும் விதையையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க முடியும்.