பாலினமா, பால்நிலையா?

‘ஜெண்டர் ஈக்வாலிட்டி’ என்பதைப் பாலினச் சமத்துவம் என்று எழுதுகிறோம். இதழியல் பாடத்தில் இதைப் படித்துத் தேர்வு எழுதியவர்கள்கூட முதற்பாதியைப் பிரித்துப் பார்ப்பது அரிது. பிரித்தால்தான் சிக்கல் தெரியும்.

‘ஜெண்டர்’ என்ற சொல்லின் வேர், வகை, இனம் என்று பொருள்படும் லத்தீன் ‘கெனுஸ்’. பழைய பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்து, நெடுங்காலம் பெரும்பாலும் இலக்கணச் சொல்லாகவே வழங்கியது. 1955-இல் உளவியலாளர் ஜான் மணி, ஒருவர் ஆணாகவோ பெண்ணாகவோ நடந்துகொள்ளும் முறையை ‘ஜெண்டர் ரோல்’ என்று எழுதினார். உடலால் அமைவது ‘செக்ஸ்’, சமூகம் பழக்குவது ‘ஜெண்டர்’ என்று 1972-இல் சமூகவியலாளர் ஆன் ஓக்லி விளக்கிய பிறகு பெண்ணியச் சிந்தனையில் இந்தப் பிரிவு ஊன்றிக்கொண்டது.

தமிழிலும் இலக்கணமே முந்திக்கொண்டது. பால் என்றால் பகுப்பு. குறளின் அறத்துப்பாலிலும் தொல்காப்பியத்தின் ஐம்பாலிலும் இருப்பது இந்தப் பொருள்தான். அதோடு இனம் சேர்ந்து பாலினம் ஆயிற்று. ஆனால் இனம் என்றதும் பிறப்பு நினைவுக்கு வருகிறது. விண்ணப்பப் படிவத்தில் ஆணா பெண்ணா என்று கேட்கும் கட்டத்துக்கும் அதே தலைப்புதான். இலங்கைத் தமிழில் வழங்கும் ‘பால்நிலை’ இதைவிடத் துல்லியமானது. நிலை என்பது சமூகம் கொடுத்தது, மாறக்கூடியது. உடற்கூறுக்குப் பால், சமூகப் பொருளுக்குப் பால்நிலை என்று வகுப்பறையிலேயே பழக்கிவிடலாம். சமத்துவம் வடசொல்; அதைச் சமன்மை, நிகர்மை என்றும் எழுதலாம். ஊன்றிவிட்ட சொல்லோடு மல்லுக்கட்ட எனக்கு விருப்பமில்லை.

ஊடகத்தில் பாலினச் சமத்துவம் தலை எண்ணுவதில் தொடங்குகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம், செய்தியில் இடம்பெறுவோரிலும் கருத்துச் சொல்வோரிலும் பெண்கள் 1995-இல் 17 விழுக்காடு என்று கண்டது. 2020-இல் அது 25. கால் நூற்றாண்டில் எட்டே புள்ளிகள்! இது வலிக்க வேண்டிய கணக்கு.

எண்ணிக்கை கூடினாலும் சொல் மாறாவிட்டால் பயனில்லை. ‘கற்பழிப்பு’ என்று எழுதும்போது, குற்றவாளி செய்த வன்முறை மறைந்து, பாதிக்கப்பட்டவர் எதையோ இழந்தவராகிவிடுகிறார். பாலியல் வன்கொடுமை, வன்புணர்வு என்னும் சொற்கள் பழியைச் செய்தவன் மேல் வைக்கின்றன. ‘நிருபர்’ இருபாலுக்கும் பொதுவான சொல். ஆனாலும் பெண் எழுதினால் மட்டும் ‘பெண் நிருபர்’ என்கிறோம். அடைமொழி யாருக்குத் தேவைப்படுகிறதோ அவரையே விதிவிலக்காக நினைக்கிறோம் என்று பொருள்.

வினைமுற்றையும் பாருங்கள். விபத்துச் செய்தி ஒன்று இப்படி இருப்பதாகக் கொள்வோம்: ‘பிரேக் பிடிக்கவில்லை என்று ஓட்டுநர் கூறினார். வேகமாகச் சென்றதாகப் பயணம் செய்த பெண் கூறினாள்.’ இருவரும் கண்ணால் கண்ட சாட்சிகளே. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோல் பொருந்தும் மரியாதை விகுதி தமிழில் முன்பே இருக்கிறது. திருத்தும் ஆசிரியர் ‘ள்’ஐ அடித்து ‘ர்’ என்று எழுதினால் போதும்.