ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் ஏன் மாற மறுக்கிறது?

ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் நிறமில்லாத ஒரு படிகம். ஒருகாலத்தில் வைரத்துக்குப் பதிலாக நகைகளில்கூடப் பதித்தார்கள். அதன் அணுக்கள் கனசதுர ஒழுங்கில் அமைந்தவை: ஒவ்வொரு டைட்டானியத்தையும் சுற்றி 6 ஆக்சிஜன்கள், ஓர் எண்முகியாக. 105 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால் இந்த எண்முகிகள் அடுத்தடுத்து எதிரெதிர்த் திசையில் லேசாகத் திரும்பிக்கொள்ளும்.

அப்புறம் இன்னொரு மாற்றமும் வர வேண்டும். டைட்டானியம் நடுவிலிருந்து விலகி, படிகம் முழுவதும் நிலையான மின்முனைவு (ஒரு பக்கம் நேர்மின்னூட்டமும் மறுபக்கம் எதிர்மின்னூட்டமும் சாய்ந்த நிலை) தோன்ற வேண்டும். அதன் உறவுக்காரரான பேரியம் டைட்டனேட்டில் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸிலேயே இது நடந்துவிடுகிறது. இங்கே எவ்வளவு குளிர்வித்தாலும் நடப்பதில்லை. மின்புலத்துக்குப் படிகம் எவ்வளவு எளிதில் முனைவுறும் என்பதைக் காட்டும் மின்காப்பு மாறிலி மட்டும் 300-லிருந்து 20,000-க்கும் மேலே ஏறி, அங்கேயே நின்றுவிடுகிறது. இந்த விசித்திரத்துக்கு 1979-இல் முல்லர், பர்கார்ட் என்ற இயற்பியலாளர்கள் ‘குவாண்டம் பாராஎலக்ட்ரிக்’ (குவாண்டம் விளைவால் மின்முனைவு தோன்றாத பொருள்) என்று பெயர் வைத்தார்கள்.

இதைக் கணினியில் ஆராய்பவர்கள் பொதுவாக வால்டர் கோன் 1960-களில் அடித்தளமிட்ட அடர்த்திச் சார்பியக் கோட்பாட்டிலிருந்து தொடங்குவார்கள். அணுக்களை ஓரிடத்தில் நிறுத்தி, எலக்ட்ரான்களின் ஆற்றலைக் கணக்கிடுவது. பிறகு அணுக்களைச் சற்றே நகர்த்தி, ஆற்றல் கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பது. குறைந்தால் அந்த அதிர்வின் அதிர்வெண் கற்பனை எண்ணாக வரும். மென்பொருள்கள் அதை எதிர்மறை எண்ணாக அச்சிடும். புதிதாக வரும் மாணவர்கள் இதைக் கண்டு பதறுவார்கள். உண்மையில் இந்த ஆய்வில் மிகவும் பயனுள்ள வரி அதுதான்: இந்த அமைப்பு நிலையானதல்ல, இந்தத் திசையில் உருமாறப் பார்க்கிறது என்று அது சொல்கிறது.

இந்த ஆற்றலைப் பல்லாங்குழியாக நினைத்துப் பாருங்கள்: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழிகள். நடுவிலுள்ள மேடுதான் டைட்டானியம் மையத்தில் இருக்கும் நிலை. குளிர்வித்தால் சோழி ஏதோ ஒரு குழியில் விழுந்தாக வேண்டும். கணக்கும் அப்படித்தான் சொல்கிறது, படிகம்தான் கேட்பதில்லை. காரணம், அணுவும் குவாண்டம் பொருள்தான். சுழியக் கெல்வினிலும் அதன் அசைவு ஓய்வதில்லை. குழிகளோ ஆழமற்றவை. அந்த ஆட்டத்துக்கு நடுமேடு ஒரு தடையே இல்லை.

அணுக்களின் ஆட்டத்தையும் கணக்கில் சேர்க்க இயற்பியலாளர் ஃபெயின்மனின் பாதைத் தொகையீடு என்ற கணக்கு முறை உதவுகிறது. ஒவ்வோர் அணுவுக்கும் பதிலாக, சுருள்வில்களால் கோத்த ஒரு மணிவளையம். வெப்பநிலை குறையக் குறைய மணிகள் அதிகம் வேண்டும், கணக்கீட்டுச் செலவும் அதே அளவில் ஏறும். 1996-இல் ஸோங், வாண்டர்பில்ட் என்ற ஆய்வாளர்கள் எளிமைப்படுத்திய மாதிரி ஒன்றில் இதைச் செய்தபோது மின்முனைவு மாற்றம் அடியோடு மறைந்தது. எண்முகி திரும்பும் வெப்பநிலையும் 130 கெல்வினிலிருந்து 110-க்கு இறங்கி, சோதனையில் கண்ட 105-ஐ நெருங்கியது.

சோதனைச் சான்று 1999-இல் கிடைத்தது. ஆக்சிஜன்-16 இருந்த இடத்தில் கனமான ஆக்சிஜன்-18-ஐப் புகுத்தினார்கள். வேதியியல் மாறவில்லை, எடை மட்டும் கூடியது. ஆட்டம் தணிந்து, சுமார் 23 கெல்வினில் மின்முனைவு தோன்றிவிட்டது.

சரி, இப்போது இயந்திரக் கற்றல் வந்துவிட்டதே? சில நூறு கணக்கீடுகளிலிருந்து விசைகளைக் கற்றுக்கொண்டு, பெரிய படிகங்களையும் அது வேகமாக இயக்கிக் காட்டுகிறது. ஆனால் பாடமாகக் கொடுத்த கணக்கீடுகளின் பிழையையும் சேர்த்தே கற்கும். இந்தப் படிகத்திலோ, அணு இடைவெளியில் ஒரு சதவீதம் பிசகினாலே குழி இருக்கிறதா இல்லையா என்ற விடையே மாறிவிடும். அதனால் செலவு மிகுந்த, கூடுதல் துல்லியமான முறைகளில் கொஞ்சம் எடுத்துக்காட்டுகளைக் கணக்கிட்டு, கற்ற மாதிரியை அவற்றால் திருத்துகிறார்கள்.