ரேஷன் பொருளும் ஆயிரம் ரூபாயும்: எதை வாங்குவது என்று யார் சொல்லலாம்?

மகளிர் உரிமைத் தொகையாக வரும் 1,000 ரூபாயை எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கேஸ் சிலிண்டர் வாங்கலாம், பிள்ளைக்கு நோட்டு வாங்கலாம், சீட்டு கட்டலாம், அடகில் இருக்கும் கொலுசை மீட்கலாம், தனக்கென்று ஒரு சேலையும் எடுக்கலாம். பில் வைத்திருக்கத் தேவையில்லை. யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. சேலம் செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடையில் நின்றாலும் சரி, ஏற்காடு ஒண்டிக்கடையில் டீ குடித்தாலும் சரி, ஒரே பேச்சு காதில் விழுகிறது: "அரசாங்கக் காசு வாங்குறவங்க எதை வாங்கணும்னு அரசாங்கமே சொல்லிடணும்." இதைச் சொல்பவர்கள் பலரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் எந்த உதவிக்கு என்ன கட்டுப்பாடு ஏற்கெனவே இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியாததால், உதவி பெறுபவர்கள் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். கேட்டுப் பெற வேண்டிய இடத்தில் பேசாமல் வந்துவிடுகிறார்கள்.

அரசு உதவி நம் கைக்கு மூன்று விதமாக வருகிறது. பொருளாக வருவது, பணமாக வருவது, இன்ன வேலைக்கு மட்டும் என்று கட்டிப்போட்ட பணமாக வருவது. கட்டுப்பாடு ஒவ்வொன்றிலும் வேறு.

பொருளாக வருவதில் பெரியது ரேஷன். இங்கே எதை வாங்குவது என்பதை அரசே முடிவு செய்துவிட்டது. உங்கள் அட்டையின் வகைதான் உங்கள் பட்டியல். முன்னுரிமை அட்டைக்கும், முன்னுரிமை இல்லாத அரிசி அட்டைக்கும் அரிசி, சர்க்கரை, கோதுமை, துவரம் பருப்பு, பாமாயில் எல்லாம் உண்டு. மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி. சர்க்கரை அட்டைக்கு அரிசி கிடையாது, மற்றவை உண்டு. எந்தப் பொருளும் இல்லாத அட்டை அடையாளத்துக்கு மட்டும். அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். சர்க்கரை கிலோ 25 ரூபாய், அந்தியோதயா அட்டைக்கு 13 ரூபாய் 50 காசு. பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்தது, தமிழ்நாடு அதை 2016 நவம்பரில் நடைமுறைப்படுத்தியது. அப்போதும் எல்லாருக்கும் ரேஷன் என்ற பழைய ஏற்பாட்டை நம் மாநிலம் கைவிடவில்லை. பல மாநிலங்களில் இப்படி இல்லை.

பட்டியலில் இருப்பதையெல்லாம் வாங்கியே ஆக வேண்டுமா? வேண்டியதில்லை. பாமாயில் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். அரிசி மட்டும் போதும் என்றால் அரிசி மட்டும் வாங்கி வரலாம். நீங்கள் வாங்காத பொருளுக்கு உங்கள் அட்டையில் பில் போடக் கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் கடையில் நடப்பது சில இடங்களில் வேறு. ரேஷன் கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. அரசு ஒதுக்கும் பொருட்களோடு உப்பு, டீத்தூள், சோப்பு, தீப்பெட்டி போன்றவற்றையும் சங்கங்கள் விற்கின்றன. சங்கம் விற்பனை இலக்கு வைத்தால் அந்தச் சுமை விற்பனையாளர் தலையில் ஏறுகிறது, அவர் அதை வரிசையில் நிற்பவர் பையில் இறக்குகிறார்.

"அண்ணா, உப்பு வேண்டாங்க. வீட்ல இருக்குது."

"எல்லாரும் வாங்குறாங்க, நீங்களும் ஒரு பாக்கெட் எடுத்துக்கங்க அக்கா. அப்புறம்தான் பருப்பு."

இந்த 'அப்புறம்தான்' விதியில் எங்கும் இல்லை. உப்போ டீத்தூளோ வாங்கினால்தான் பருப்பு தருவேன் என்று சொல்ல எந்தக் கடைக்கும் அதிகாரம் கிடையாது. கட்டாயப்படுத்தி விற்கக் கூடாது என்று உணவுத் துறையே அறிவுறுத்தியிருக்கிறது. ஏழைகள் தேவையில்லாததை வாங்குகிறார்கள் என்று கவலைப்படுபவர்கள் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். உப்புக்கோ டீத்தூளுக்கோ போவது இருபது ரூபாய்தானே என்று நாம் சாதாரணமாகச் சொல்லலாம். காபி எஸ்டேட்டில் கூலிக்குப் போகும் பெண்ணுக்கு அது மலைப்பாதையில் ஒரு தடவை பஸ் ஏறுகிற காசு.

பட்டியல் சரியாக இருக்கிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். சேலம் மாவட்டச் சேர்வராயன் மலைக் கிராமங்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் காலம் காலமாகச் சாப்பிட்டது கேழ்வரகும் சாமையும் தினையும். ரேஷன் தருவதோ அரிசி. 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ஒரு நல்ல ஏற்பாட்டை அரசு தொடங்கியது: விரும்பும் அட்டைதாரர் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு பெறலாம். தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது, களி கிண்டும் பழக்கம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆனாலும் அந்த முதல் பட்டியலில் சேலத்துக்கு இடமில்லை. மலைக் கிராமங்களின் கிராம சபையில் இதைத் தீர்மானமாகவே போட்டு அனுப்பலாம் என்பது என் கருத்து. அரிசியை வேண்டாம் என்று சொல்லவில்லை, தேர்ந்தெடுக்கும் உரிமையைத்தான் கேட்கிறோம்.

ஒன்றே ஒன்று உறுதியாகத் தடை: ரேஷன் அரிசியை விற்பது. இலவசமாகக் கிடைத்தது என் பொருள், கிலோ ஐந்து பத்துக்குக் கொடுத்தால் என்ன என்று சிலர் நினைக்கிறார்கள். மாவு மில்லுக்கும் கோழித் தீவனத்துக்கும் பக்கத்து மாநிலத்துக்கும் போகும் மூட்டைகள் அப்படித்தான் சேருகின்றன. வாங்குபவர், கடத்துபவர் மீது அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் வழக்கு வரும், விற்றவரின் அட்டைக்கும் சிக்கல் வரும். சாப்பிடப் பிடிக்கவில்லை என்றால் வாங்காமல் விடுவதே சரி.

பணமாக வருவதற்கு வருவோம். மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கான புதுமைப் பெண் 1,000 ரூபாய் 2022 செப்டம்பரிலிருந்து வருகிறது. இவற்றில் கட்டுப்பாடெல்லாம் வாசலில்தான். உரிமைத் தொகை அறிவித்தபோது வைத்த தகுதிகளைப் பாருங்கள்: 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நிலம் நன்செய் என்றால் 5 ஏக்கருக்குள், புன்செய் என்றால் 10 ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் பணம் உங்களுடையது. மனு நிராகரிக்கப்பட்டால் 30 நாளுக்குள் வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்றும் அப்போதே வழி வைத்தார்கள்.

அந்தப் பணத்தில் கை வைக்க நினைப்பவர்கள் வேறு ஆட்கள். முதல் தவணை வந்த மாதமே, குறைந்தபட்ச இருப்பு இல்லை, பழைய கடன் பாக்கி என்று சில வங்கிக் கணக்குகளில் தொகை பிடிக்கப்பட்டது. இந்தப் பணத்திலிருந்து அப்படிப் பிடிக்கக் கூடாது என்று அரசு அப்போதே வங்கிகளிடம் சொன்னது. பிடித்திருந்தால் முதல்வரின் உதவி மைய எண் 1100-க்குப் புகார் செய்யலாம். ஜன் தன் போன்ற அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு என்ற பேச்சே இல்லை, அதில் பணம் வரும்படி செய்துகொள்வது நல்லது. ஓய்வூதியத்தை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் வங்கி முகவருக்கு நீங்கள் கமிஷன் கொடுக்க வேண்டியதில்லை. குழுக் கடனுக்கு உங்கள் ஏடிஎம் கார்டை வாங்கி வைத்துக்கொள்ளக் குழுத் தலைவிக்கும் உரிமை கிடையாது. கணவருக்கும் கிடையாது.

மூன்றாவது வகைக்கு நல்ல உதாரணம் கலைஞரின் கனவு இல்லம். 2024இல் அறிவித்த இத்திட்டத்தில் குறைந்தது 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். வேலை நடக்க நடக்கத்தான் தவணை விடுவார்கள். இந்தப் பணத்தை வீட்டு வேலைக்கு மட்டுமே செலவு செய்ய வேண்டும். கர்ப்பிணிகளுக்கான முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி கலப்பாக வருகிறது: 18,000 ரூபாயில் 14,000 பணம், மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். பெட்டகத்தில் உள்ளதை அரசு முடிவு செய்கிறது, பணத்தை அந்தத் தாய் முடிவு செய்கிறாள். 2021 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய இ-ருபி வவுச்சர் இன்னும் இறுக்கமானது. செல்போனுக்கு வரும் அந்தக் குறியீட்டை யாருக்கு, எந்தச் சேவைக்கென்று கொடுத்தார்களோ, அவர் அந்தச் சேவைக்கு மட்டும்தான் பயன்படுத்த முடியும்.

உதவிப் பணத்தையும் இப்படிப் பூட்டிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு வெளிநாட்டு அனுபவம் இருக்கிறது. அமெரிக்காவில் உணவு உதவியை ஒரு கார்டில் போட்டுத் தருகிறார்கள். அதில் மது, சிகரெட், சோப்பு, மருந்து, சுடச்சுடச் சமைத்த சாப்பாடு எதுவும் வாங்க முடியாது. 2025 மே மாதம் நெப்ராஸ்கா மாநிலம் சோடாவையும் எனர்ஜி பானங்களையும் அந்தத் தடைப் பட்டியலில் சேர்க்க முதல் அனுமதி பெற்றது. வேறு பல மாநிலங்களும் பின்னாலேயே போயின. சோடா கெடுதல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கூலி வேலை முடித்து அலுத்து வருபவர் ஒரு சூடான சாப்பாட்டைக் கூட அந்தக் கார்டில் வாங்க முடியாது என்பதை நினைத்துப் பாருங்கள். ஆஸ்திரேலியா 2016இல் உதவித் தொகையில் 80 சதவீதத்தை ஒரு கார்டில் பூட்டி, மதுவுக்கும் சூதாட்டத்துக்கும் செல்லாதபடி செய்து பார்த்தது. முதலில் இறங்கியது பழங்குடி மக்கள் அதிகம் வாழும் ஊர்களில். 2022இல் அதைக் கைவிடச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

பணம் கொடுத்தால் குடித்துத் தீர்ப்பார்கள் என்ற பயத்தை 2014இல் உலக வங்கி ஆய்வாளர்கள் டேவிட் எவான்ஸும் அன்னா போபோவாவும் சோதித்தார்கள். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உதவிப் பணத்தால் மது, புகையிலைச் செலவு கூடவில்லை என்றே தெரிந்தது. டாஸ்மாக் நம் ஊரில் பெரிய பிரச்சினைதான். குடியால் அடிபடும் வீடுகள் சேலம் நகரத்துக் குகைப் பகுதியிலும் உண்டு, ஏற்காடு மலை நாகலூரிலும் உண்டு. ஆனால் அதற்கு மருந்து, அந்த வீட்டுப் பெண்ணின் கணக்கில் வரும் ஆயிரத்தைப் பூட்டுவது இல்லை.

பணமே எல்லாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். புதுச்சேரியில் 2015இல் அரிசிக்குப் பதில் பணம் என்று மாற்றினார்கள், ரேஷன் கடைகள் செயலற்றுப் போயின. மக்கள் அரிசியே வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்து, 2024இல் அரிசி விநியோகம் திரும்ப வந்தது. விலை ஏறினாலும் 20 கிலோ 20 கிலோவாகவே இருக்கும், அதற்கு ஈடாகத் தரும் பணம் அப்படி இருக்காது. அதே சமயம் 2022 பொங்கலுக்கு 21 பொருள் கொண்ட பை கொடுத்தபோது வெல்லம் உருகி ஒழுகுகிறது என்று ஊரெங்கும் புகார் வந்தது. அடுத்த ஆண்டு அரிசி, சர்க்கரை, கரும்போடு 1,000 ரூபாய் ரொக்கம் கொடுத்தார்கள். எது பொருளாக வர வேண்டும், எது பணமாக வர வேண்டும் என்பதை வாங்குபவர்களைக் கேட்டு முடிவு செய்வதே முறை.

இனி புகார். ரேஷன் கடையில் கட்டாய விற்பனை, எடை குறைவு, வாங்காத பொருளுக்குப் பில் என எதுவாக இருந்தாலும் 1967 அல்லது 1800 425 5901 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம். கடை எண், தேதி, சொன்ன வார்த்தை மூன்றையும் குறித்துக்கொண்டு பேசுங்கள். பில் போட்டதும் பதிவு செய்த செல்போனுக்குக் குறுஞ்செய்தி வரும், அதை அழிக்க வேண்டாம். மலையில் சிக்னல் கிடைக்காத இடங்களில் அது தாமதமாக வரலாம், அதனால் கடையிலேயே என்னென்ன பில் ஆனது என்று கேட்டுவிடுவது நல்லது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஒவ்வொரு வட்டத்திலும் ரேஷன் குறைதீர் முகாம் நடக்கும். பெயர் சேர்ப்பது, நீக்குவது, அட்டைத் திருத்தம், கடை மீதான புகார் எல்லாவற்றையும் அங்கே கொடுக்கலாம். அங்கே முடியவில்லை என்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் எழுத்தாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.