அமெரிக்க ராணுவ அகாடமிகள்: பரிந்துரைக்குப் பின், நியமனத்துக்கு முன்

அமெரிக்காவில் பள்ளி இறுதியாண்டு படிக்கும் ஒரு மாணவருக்கு, வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமிக்கு அவர் பெயரைப் பரிந்துரைத்திருப்பதாகத் தொகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினரிடமிருந்து கடிதம் வந்ததும், இடமே கிடைத்துவிட்டது என்று வீட்டார் எண்ணிக்கொள்வது உண்டு. உண்மையில் அந்தக் கடிதம் நாமினேஷன், அதாவது பரிந்துரை மட்டுமே. அகாடமி தன் பொறுப்பில் வழங்கும் அப்பாயின்ட்மென்ட், அதாவது நியமனம், அதற்குப் பிறகு வரவேண்டியது. சிலருக்கு இரண்டும் சில வாரங்களுக்குள் வந்துவிடும். சிலர் ஏப்ரல் மாதக் கடைசிவரை காத்திருக்கிறார்கள். சிலருக்கு நியமனம் வருவதே இல்லை.

பரிந்துரை என்றதும் நம்மவர்களுக்குச் சிபாரிசுக் கடிதம் நினைவுக்கு வரும். இது அந்த வகை அன்று. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் அகாடமி இடங்களை நாடெங்கும் பங்கிட்டு வைத்திருக்கிறது. அந்தப் பங்கில் போட்டியிட ஒருவரை அனுமதிக்கும் சட்டப்படியான சீட்டுதான் பரிந்துரை. வெஸ்ட் பாயின்ட், அனாபொலிஸில் உள்ள கடற்படை அகாடமி, கொலராடோ ஸ்பிரிங்ஸில் உள்ள விமானப்படை அகாடமி, கிங்ஸ் பாயின்டில் உள்ள வணிகக் கப்பல் அகாடமி ஆகிய நான்குக்கும் இது தேவை. நியூ லண்டனில் உள்ள கடலோரக் காவல் அகாடமி மட்டும் பரிந்துரை கேட்பதில்லை. மாணவர் தம் மாநிலத்தின் இரண்டு செனட்டர்களிடமும், தொகுதியின் பிரதிநிதிகள் அவை உறுப்பினரிடமும் தனித்தனியாக விண்ணப்பிக்கலாம். முதல் மூன்று அகாடமிகளுக்குத் துணை அதிபரின் பரிந்துரையும், படையில் நீண்ட காலம் பணியாற்றியவர்களின் பிள்ளைகளுக்கு அதிபரின் பெயரிலான பரிந்துரையும் உண்டு. சேரும் மாணவர் அமெரிக்கக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருப்பது கட்டாயம். அங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளையின் பெற்றோர் இன்னும் வேலை விசாவில் இருந்தாலும் இந்த நிபந்தனைக்கு அது தடையாகாது. கிரீன் கார்டு மட்டும் உள்ள பிள்ளைக்கு வாய்ப்பில்லை.

காத்திருப்பு ஏன் இவ்வளவு நீள்கிறது என்பது இடக்கணக்கைப் பார்த்தால் விளங்கும். ராணுவம், கடற்படை, விமானப்படை அகாடமிகள் ஒவ்வொன்றிலும், காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் கணக்கில் ஒரே நேரத்தில் 5 பேர் மட்டுமே படிக்க முடியும். படிப்பு 4 ஆண்டுகள் என்பதால், பெரும்பாலான ஆண்டுகளில் ஓர் உறுப்பினருக்கு ஓர் அகாடமியில் ஓர் இடமும், எப்போதாவது 2 இடங்களும் காலியாகின்றன. அந்த ஓர் இடத்துக்கு அவர் பலரைப் பரிந்துரைக்கலாம். நீண்ட காலம் 10 ஆக இருந்த இந்த வரம்பு அண்மையில் 15 ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே பரிந்துரை பெற்ற மாணவர், ஒரே நாற்காலிக்காக நிற்கும் பத்துப் பதினைந்து பேரில் ஒருவர்.

அந்தப் பட்டியலை உறுப்பினர் மூன்று விதமாக அனுப்பலாம். ஒருவரை முதன்மையானவராகக் குறித்து மற்றவர்களை வரிசைப்படுத்தாமல் விடலாம். முதன்மையானவருக்குப் பின் அனைவரையும் ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்தலாம். அல்லது எவரையும் முன்னிறுத்தாமல் தேர்வை அகாடமியிடமே ஒப்படைக்கலாம். முதன்மையானவர் எல்லாத் தகுதிகளையும் பெற்றுவிட்டால், பட்டியலில் அவரைவிட அதிக மதிப்பெண் பெற்றவர் இருந்தாலும் அந்த இடம் அவருக்கே உரியது. மூன்றாவது முறையில், அகாடமி தன் மதிப்பெண்ணைக் கொண்டு முதலிடம் பெறுபவரைத் தேர்ந்தெடுக்கும். வெஸ்ட் பாயின்ட் இதற்குப் படிப்புக்கு 60, தலைமைப் பண்புக்கு 30, உடல்திறனுக்கு 10 என்ற விழுக்காட்டைப் பயன்படுத்துகிறது. தம் உறுப்பினர் எந்த முறையைக் கையாண்டார் என்பதை மாணவர் அவருடைய அலுவலகத்திடமே கேட்டறியலாம். எல்லா அலுவலகங்களும் சொல்லிவிடும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் கேட்பதில் தவறு எதுவும் இல்லை. காத்திருக்கும் காலத்தில் இதைவிடப் பயனுள்ள கேள்வி வேறில்லை என்பது என் கருத்து.

இனி வருவதுதான் பெற்றோரைப் பெரிதும் குழப்பும் பகுதி. திறமையான மாணவர் ஒருவர் தொகுதி உறுப்பினரின் பட்டியலிலும், மாநிலத்தின் இரண்டு செனட்டர்களின் பட்டியல்களிலும் இடம்பெற்றிருக்கலாம். மூன்றிலும் அவரே முதலில் நின்றாலும் அவர் அமரப்போவது ஒரே நாற்காலியில்தான் என்பதால், எவருடைய கணக்கில் அவரை வைப்பது என்று அகாடமி முடிவு செய்கிறது. அவர் செனட்டரின் கணக்குக்குப் போய்விட்டால், தொகுதிப் பட்டியலில் இரண்டாவதாக இருந்தவர் அங்கே முதலிடத்துக்கு வருகிறார். ஒரு மாநிலத்தில் ஒருவரை இடம் மாற்றி வைத்தால் நாலைந்து பட்டியல்களின் வரிசை அசைந்துவிடும். நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான பட்டியல்களில் இந்தக் கோத்தல் நடந்து முடியும்வரை, இரண்டாம் மூன்றாம் நிலையில் இருப்பவர்களுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல அகாடமியால் இயலாது. பக்கத்து ஊர் மாணவருக்கு ஜனவரியில் நியமனம் வந்தது, நம் வீட்டுப் பிள்ளைக்கு மார்ச் வரை ஒரு தகவலும் இல்லை என்றால், அதை நிராகரிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சொந்தப் பட்டியலில் வெல்லாவிட்டாலும் பரிந்துரை வீணாவதில்லை. எல்லாத் தகுதியும் பெற்றும் இடம் பெறாதவர்கள் தேசியக் காத்திருப்புப் பட்டியலுக்குச் செல்கிறார்கள். அங்கே தொகுதிக் கணக்கு இல்லை. நாடளாவிய தகுதி வரிசைப்படி, சட்டம் வரையறுத்த எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்கிறார்கள். போட்டி கடுமையான மாநிலங்களின் பிள்ளைகளுக்கு இது முக்கியமான வழி. தொகுதியில் மூன்றாவதாக நின்றவர் நாட்டளவில் நல்ல இடத்தில் இருக்கக்கூடும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்நிபந்தனை, கல்வி, உடல்திறன், மருத்துவம் ஆகிய மூன்றிலும் தகுதியானவர் என்ற முடிவு கோப்பில் பதிவாகியிருப்பது. உடல்திறன் தேர்வில் மண்டியிட்டபடி கூடைப்பந்தை எறிதல், கம்பியில் தொங்கி எழுதல், ஒரு மைல் ஓட்டம் உள்ளிட்ட 6 பிரிவுகள் உள்ளன. மருத்துவத்தைப் பார்ப்பது அகாடமி அன்று. பாதுகாப்புத் துறையின் மருத்துவப் பரிசோதனை மறுஆய்வு வாரியம். பெயர் நீளமானது என்பதால் எல்லோரும் அதை டாட்மெர்ப் என்றே அழைக்கிறார்கள். வரம்பை மீறிய கண்பார்வைக் குறை, கடும் உணவு ஒவ்வாமை, 13 வயதுக்குப் பின்னும் தொடர்ந்த ஆஸ்துமா போன்றவை இருந்தால் வாரியம் மாணவரைத் தகுதியற்றவர் என்று குறிக்கும். அந்தச் சொல்லைக் கண்டு மனமுடைந்து விலகிவிடுபவர்கள் உண்டு, அவசரப்பட வேண்டாம். வாரியம் செய்வது விதிப்படி குறித்துவைப்பதை மட்டுமே. விலக்கு அளிக்கும் அதிகாரம் அகாடமிக்கு உரியது. போட்டியில் நிற்கக்கூடிய மாணவர் என்று கருதினால் அகாடமியே அதைப் பரிசீலிக்கும். மாணவர் செய்ய வேண்டியது, வாரியம் கேட்கும் கூடுதல் மருத்துவப் பதிவுகளையும் பரிசோதனைகளையும் தாமதமின்றி அனுப்புவது. பட்டியலில் முன்னிலையில் இருப்பவரின் மருத்துவக் கோப்பு முடியாமல் கிடந்தால், அதே நாற்காலிக்குக் கோப்பு முடித்துக் காத்திருக்கும் அடுத்தவருக்கு அது வாய்ப்பாகிவிடும்.

காலக்கணக்கு ஏறத்தாழ இப்படி அமைகிறது. காங்கிரஸ் அலுவலகங்களின் பரிந்துரைகள் பொதுவாக ஜனவரி இறுதிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். நியமனங்கள் இலையுதிர் காலத்திலேயே தொடங்கினாலும், பெரும்பங்கு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வெளியாகும். அகாடமி நியமனச் செய்தியை முதலில் காங்கிரஸ் அலுவலகத்துக்குத் தெரிவிப்பது வழக்கம் என்பதால், உறுப்பினரே தொலைபேசியில் அழைத்து வாழ்த்துச் சொல்வதும் உண்டு. அறிமுகமில்லாத எண் என்று அழைப்பைத் துண்டித்துவிட வேண்டாம்.

காத்திருக்கும்போது, கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் பெற்ற உயர்ந்த மதிப்பெண், அரையாண்டு மதிப்பெண் பட்டியல், புதிதாக ஏற்ற தலைமைப் பொறுப்பு ஆகியவற்றை அகாடமி அனுமதிக்கும் காலத்துக்குள் சேர்க்கலாம். தன் பகுதிக்குரிய சேர்க்கை அலுவலருக்கு எழுதுவதை மாணவரே செய்ய வேண்டும். நம் வீடுகளில் அப்பா எழுதிக்கொடுப்பது வழக்கம் என்றாலும் இங்கே அது உதவாது. பிற கல்லூரிகளுக்கும், கல்லூரியில் படித்தபடியே படை அதிகாரிப் பயிற்சி தரும் ஆர்.ஓ.டி.சி. திட்டத்தின் உதவித்தொகைக்கும் விண்ணப்பித்து வைப்பது கட்டாயம் என்றே கொள்ளலாம். நேரடி இடத்துக்குப் பதிலாக, ஓராண்டு ஆயத்தப் பள்ளியில் சேரும் அழைப்பும் வரலாம். அதற்கெனத் தனி விண்ணப்பம் இல்லை. பரிந்துரை அந்த ஆண்டுக்கு மட்டுமே செல்லும். அடுத்த ஆண்டு முயல்வோர் புதிதாகப் பரிந்துரை கேட்க வேண்டும். ஜூலை 1 அன்று 23 வயது நிறைவடையாதவர் வெஸ்ட் பாயின்டுக்கு மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

நியமனம் வந்தால், ஏற்பதா மறுப்பதா என்பதைப் பொதுவாக மே 1-க்குள் தெரிவிக்க வேண்டும். வெஸ்ட் பாயின்டில் கல்விக் கட்டணம் இல்லை. பட்டம் பெற்றபின் 5 ஆண்டுகள் முழுநேரப் பணியும் 3 ஆண்டுகள் சேமப்படைப் பொறுப்பும் உண்டு என்பதை வீட்டில் அதற்கு முன்பே பேசி முடித்திருப்பது நல்லது. இரண்டு அகாடமிகளிலிருந்து நியமனம் பெற்றவர் ஒன்றை ஏற்ற அன்றே மற்றதை மறுத்து எழுதிவிட வேண்டும். அந்த இடத்துக்காக வேறொரு வீட்டில் ஒரு பிள்ளை இன்னும் காத்திருக்கும்.